ஜாடியில் ஒரு ரப்பர் பேண்ட்

1

நேற்றுக் காலை சமையலறைக்குப் போனேன். மேசைமேல் மேப்பிள் பாகு பாட்டில் இருந்தது. அதன் இடுப்பில், பாகு நிற்கும் மட்டத்துக்குச் சரியாக, ஒரு ரப்பர் பேண்ட்.

வெளியே குளிர். எனக்கு வியர்த்துவிட்டது. விஷயம் கடல் தாண்டி இங்கேயும் வந்துவிட்டதா, அக்கா என் மகளுக்குச் சொல்லிவிட்டாளா என்று யோசித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது என் பேத்தி நிலா ஒரு கையால் தலைமயிரைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாட்டிலிலிருந்து பேண்டை உருவித் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு தோசைமேல் மேப்பிள் பாகை ஊற்றினாள்.

"என்ன தாத்தா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒன்றுமில்லை" என்று தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டு உரையாடல் இப்படித்தான் நடக்கும். தோசைக்கு மேப்பிள் பாகு ஊற்றுவதைப் பற்றி நான் இப்போதெல்லாம் எதுவும் சொல்வதில்லை. தோசையாவது இருக்கிறதே.

எழுபது வயதுக் கிழவன் ஒரு ரப்பர் பேண்டைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஆடி மாதம் சென்னையில், என் அக்கா இருக்கும் மேனாம்பேட்டில், நான் செய்த காரியத்தால் வந்த பயம் அது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்தத் தெரு என்றும் சொல்லப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

2

முதலில் என் வேலை. கனடாவில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்து, தலை நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். நாட்டு மக்களுக்கு ஒரு வருடத்தில் எவ்வளவு இனிப்பு கிடைத்தது என்று கணக்குப் போடுவதுதான் வேலை. கோதுமைக்கு ஒருவர், பாலுக்கு ஒருவர், இறைச்சிக்கு ஒருவர். சர்க்கரை, தேன், மேப்பிள், சோளப் பாகு எல்லாம் என் மேசைக்கு வரும்.

முறை எளிது. போன வருடத்து மிச்சம், இந்த வருடம் உற்பத்தியானது, வெளிநாட்டிலிருந்து வந்தது மூன்றையும் கூட்டு. வெளியே அனுப்பியதையும் வருடக் கடைசியில் கிடங்கில் மீந்ததையும் கழி. வந்த விடையை மக்கள்தொகையால் வகு. அதுதான் ஒரு தலைக்குக் கிடைத்த அளவு. கிடைத்த அளவு என்றுதான் சொல்ல வேண்டும், தின்ற அளவு என்று சொல்லக் கூடாது. மூட்டையில் கட்டியாகிப் போனது, தட்டில் மீந்தது, காப்பிக் கோப்பையின் அடியில் கரையாமல் தங்கியது, இவை எல்லாம் யார் வாய்க்கும் போகவில்லை. அதற்கு 'இழப்பு' என்று ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியோடுதான் என் நல்ல வருடங்கள் கழிந்தன.

வருடா வருடம் அட்டவணை வெளியானதும் பத்திரிகைகள், 'ஒவ்வொருவரும் இவ்வளவு சர்க்கரை தின்கிறார்கள்' என்று தலைப்புப் போடும். நான் உடனே பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவேன். கிடைத்தது வேறு, தின்றது வேறு. ஒருவரும் பதில் போட்டதில்லை. வெல்லத்தை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று இரண்டு பிரிவுகளுக்கு இடையே ஒரு கோப்பு போய்வந்துகொண்டிருந்தது. அது சர்க்கரையா, 'மற்றவை'யா? நான் ஓய்வு பெற்ற அன்றும் அது யாரோ ஒருவர் மேசையில் இருந்தது.

ஆனாலும் அந்தக் கோடுகளை எனக்குப் பிடிக்கும். வெள்ளைச் சர்க்கரையின் கோடு, வயதான மனிதர் படியிறங்குவது போல மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்து நாட்டில் சோளப் பாகு மதில் ஏறுகிற திருடன் போல விறுவிறுவென்று ஏறி, உச்சியில் சிறிது நேரம் உட்கார்ந்து, யாரோ விளக்கைப் போட்டதும் இறங்கத் தொடங்கியது. தேன் ஒரு ஓரமாகத் தன் பாட்டுக்கு நடந்தது. மக்கள் திருந்திவிட்டார்கள் என்று இளைய அதிகாரிகள் மகிழ்ந்தார்கள். எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஒரு துளி போட்டால் ஒரு குவளை இனிக்கும் புதுச் சரக்கெல்லாம் அதற்குள் வந்துவிட்டன. எடையே இல்லாததை எந்தப் பத்தியில் எழுதுவது? கோடு இறங்கியது. நாக்கு அங்கேயேதான் இருந்தது.

இத்தனையும் என் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. மகள் வனிதாவுக்கு அது 'அப்பாவின் ஆபீஸ்'. மேனாம்பேட்டில், "அவரு சுகர் ஆபீஸ்ல கீறாரு" என்று பேச்சு. நான் ஊருக்குப் போனால் நாலு பேராவது ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வந்து நிற்பார்கள்.

3

என் அக்கா கன்னியம்மா என்னைவிட நாலு வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரர் தணிகாசலம் மாமா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். வீட்டில் இவர்கள் இருவர்தான். அப்பா காலத்தில் பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. அந்த நிலத்தின்மேல் இப்போது கார் உதிரிப்பாகக் கம்பெனி நிற்கிறது. அதில் அக்காவின் பேரன் கண்காணிப்பாளர்.

அக்காவின் அலமாரியைத் திறந்தால் ஒரு நாட்டின் இனிப்பு வரலாறே அடுக்கி வைத்திருக்கும். கல்யாணமான புதிதில் வாரம் ஒரு உருண்டை வெல்லம்தான். பிறகு ரேஷன் சர்க்கரை. அது வருகிற நாளை மாமா சம்பள நாளைப் போல நினைவில் வைத்திருப்பார். வசதி வந்ததும் கடைச் சர்க்கரை, மூட்டையாகவே வந்தது. மாமாவுக்கு நீரிழிவு என்று தெரிந்ததும் சர்க்கரைக்குப் பதிலாகக் குட்டி டப்பாவில் இனிப்பு மாத்திரை வந்தது. அது கசக்கிறது என்று சொட்டு மருந்து போல ஒரு சீனித்துளசி இலைச்சாறு. கடைசியில் மாமாவின் காலில் ஒரு விரலை எடுத்தார்கள். அன்றோடு வீட்டில் வெள்ளைச் சர்க்கரைக்குத் தடை. ரேஷன் கடைக்கு மட்டும் அக்கா போவதை நிறுத்தவில்லை. கைரேகை மெஷின் அவள் விரலை ஏற்காது. முந்தானையில் தேய்த்துத் தேய்த்து வைத்து, அதையும் ஒரு வழியாக்கி, வாங்கிய சர்க்கரையை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். "வர்ற சாமானை உடுவாங்களா?" என்பாள். சர்க்கார் கணக்கில் அந்தச் சர்க்கரையை அக்கா வீட்டில்தான் தின்கிறார்கள். என் இழப்புப் பத்தி உலகம் முழுக்க இருக்கிறது.

விருந்தாளிக்கும் வெள்ளிக்கிழமைப் படையலுக்கும் மட்டும் ஒரு கண்ணாடி ஜாடியில் நாட்டுச் சர்க்கரை இருக்கும். பழுப்பு நிறம், ஈர மணல் போல மினுமினுப்பு, கரும்பாலையின் வாசனை. உடம்புக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னாராம். கரும்பில் வந்தது எப்படியும் சர்க்கரைதான் என்று ஒருநாள் அரைமணி நேரம் விளக்கினேன். அக்கா கேட்டுவிட்டு, "அப்ப வெல கொறச்சுத் தருவானா?" என்றாள்.

4

எனக்கும் நீரிழிவு உண்டு. கனடாவில் என் தோளில் காசு அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கும். என் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை வனிதாவின் ஃபோனில் கோடாக ஓடும். கோடு ஏறினால் அவள் அலுவலகத்தில் கூட்டத்தின் நடுவே ஃபோன் அலறும். உடனே என்னைக் கூப்பிடுவாள். "அப்பா, என்ன சாப்பிட்டீங்க?" வாழ்நாள் முழுவதும் கோடுகளைக் கண்காணித்தவன் கடைசியில் தானே ஒரு கோடு ஆனேன்.

மேனாம்பேட்டுக்கு வந்த மறுநாள் அந்த வில்லை வியர்வையில் கழன்றுவிட்டது. அப்படித்தான் வனிதாவிடம் சொன்னேன். நகத்தால் சிறிது உதவினேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் அக்கா முன்னறையில் படுப்பாள். மாமா மொட்டைமாடிப் படிக்கட்டின் நிழலில் பேப்பரோடு உட்கார்ந்து தூங்குவார். நான் தண்ணீர் குடிக்கிற பாவனையில் சமையலறைக்குப் போவேன். மூடியைத் திறக்கும்போது சத்தம் வராமலிருக்க ஜாடியை வயிற்றோடு அணைத்துக்கொள்வேன். ஒரு ஸ்பூன். நாக்கில் போட்டு வாயை மூடிக்கொண்டு கரையவிடுவேன். பிறகு முன்னறைக்கு வந்து, சாயங்காலம் டீயில் எல்லோரும் பார்க்க என் கனடா இனிப்பு மாத்திரையைப் போட்டுக் கலக்குவேன். அக்கா எதிர்வீட்டு அம்மாவிடம், "எந் தம்பியப் பாரு. படிச்சவன்னா அதான்" என்பாள். நான் மறுப்புச் சொன்னதில்லை.

5

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா இது. ரொப்பி வெச்சு ஒரு வாரம்கூட ஆவல, பாதி எறங்கிகினு கீது."

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எறும்பா இருக்கும்."

"எறும்பு மூடியத் தொறந்து துன்னுட்டு, அப்பால மூடி வெச்சிட்டுப் போவுமா?"

"படிச்ச எறும்பா இருக்கும்" என்றார் மாமா.

அக்கா என்னிடம் திரும்பினாள். "ஏண்டா, உங்க ஆபீஸ்ல இத்த எப்டிக் கண்டுபுடிப்பீங்க?"

இங்கேதான் நான் கெட்டேன். திருடன் அந்த இடத்தில் பேச்சை மாற்றியிருப்பான். ஆனால் என் தொழிலைப் பற்றி என் குடும்பத்தில் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆரம்ப இருப்பு, வரவு, கடைசி இருப்பு, இடையில் மறைந்த அளவு என்று எல்லாம் சொன்னேன். கிடைத்தது வேறு, தின்றது வேறு என்பதைக்கூடச் சொன்னேன். அக்கா கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"இத்தத்தான் அங்க போயி செஞ்சியா?"

"ஆமாம்."

"இத்தினி வருசமும்?"

"ஆமாம்."

"இதுக்கு சம்பளம் வேற குடுத்தாங்களா?"

அன்று அவள் ஜாடியை வாய்வரை நிரப்பவில்லை. பாதிக்கு மேல் நிரப்பி, பூப் பொட்டலத்திலிருந்த ரப்பர் பேண்டை எடுத்து, சர்க்கரை நிற்கும் மட்டத்துக்குச் சரியாக ஜாடியில் போட்டாள். "இப்ப பாப்போம்" என்றாள். ஒரு நாட்டின் புள்ளிவிவரத் துறைக்குத் தேவையான அத்தனையும் அந்த ரப்பர் பேண்டில் இருந்தது.

மறுநாள் மத்தியானம் நான் சமையலறைக்குப் போனபோது ஒன்றைக் கண்டேன். நான் இன்னும் தொடவில்லை. ஆனாலும் சர்க்கரை பேண்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

மாமாதான் என்று முடிவு கட்டினேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. திருடன் தனியாக இல்லை. என் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டேன். பேண்டைக் கீழே இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கணக்கைத் திருத்துவது என் தொழில் தர்மத்துக்கு விரோதம். தின்பதைப் பற்றித் தொழில் தர்மம் எதுவும் சொல்லவில்லை.

6

எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்பார்கள். அதற்கு முன்னால் அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். பெரிய அண்டாவில் அரிசியும் பருப்பும் குழைந்ததும் வெல்லப்பாகு ஊற்றிக் கிளற வேண்டும். கிளறுவது இளவட்டங்களின் வேலை. பாகை எப்போது, எவ்வளவு ஊற்றுவது என்று முடிவு செய்கிறவர் ஒருவர்தான். படைப்பதற்கு முன்னால் அதை யாரும் ருசி பார்க்கக் கூடாது. மணத்தைக் கொண்டும், கரண்டியிலிருந்து வழிகிற விதத்தைக் கொண்டும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் அந்தக் கரண்டியை நாக்கை அடக்கத் தெரிந்தவரிடம்தான் தெரு கொடுக்கும். பல வருடங்களாக அது தணிகாசலம் மாமாவிடம் இருந்தது. அவர் கரகம் எடுப்பதும் பந்தல் போடுவதும் கால்விரல் போனதோடு போயின. வெல்லம் போடுவது மட்டும் மிஞ்சியிருந்தது. ஆடி பிறந்ததும் பரணிலிருந்து அந்த நீளக் கரண்டியை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து, சுவரில் சாய்த்து வைத்துவிடுவார். போக வர அதைப் பார்த்துக்கொள்வார்.

கூழுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா ஜாடியை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை பேண்டுக்கு நாலு விரல் கீழே கிடந்தது.

"ஊட்ல மூணு பேரு. வெளியாளு யாரும் வரல. யாருன்னு சொல்லிடுங்க."

நான் தரையைப் பார்த்தேன். அவள் என்னை எண்ணவே இல்லை. "இவன் டீக்கே மாத்திர போட்டுகினு குடிக்கிறவன்" என்று சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

மாமா அவளைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்தார்.

"நான்தான். இன்னா இப்ப?"

"இன்னாவா? ஒரு வெரலு போனது பத்தலையா? முழுக் காலும் போவணுமா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாக்கக் கட்டத் தெர்யாதவன் ஆத்தாளுக்கு வெல்லம் போடக் கூடாது. நான் ஏழுமலையாண்ட சொல்லிடறேன்" என்றாள்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மாமாவும் தின்றார்தானே, அவரே ஒப்புக்கொண்டாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குக் காரணம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

கோயில் காரியங்களைப் பார்க்கிற ஏழுமலை அன்று சாயங்காலமே வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நின்றபடியே பேசினான்.

"தப்பா நெனச்சுக்காத அண்ணாத்தே. அக்காவே சொல்றப்ப நான் இன்னா பண்றது. இந்த வருசம் வேற யாராவது பாத்துக்கட்டும். நீ சொம்மா சேர் போட்டு ஒக்காரு."

"அதான் சரி நைனா" என்றார் மாமா. எழுந்து போய்க் கரண்டியை எடுத்துவந்து தன் துண்டால் ஒரு தடவை துடைத்துக் கொடுத்தார். ஏழுமலை போன பிறகும் சுவரில் அது சாய்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7

மறுநாள் காலை மாமாவோடு தெருமுனை டீக்கடைக்குப் போனேன். டீ மாஸ்டர் கிளாஸை நீட்டியதும் பழக்கதோஷத்தில் "தேங்க்யூ" என்றேன்.

"இன்னா சார், டீக்குப் போயி தேங்க்ஸ் சொல்ற. காசு இல்லியா?" என்றார் மாஸ்டர்.

மாமா தன் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். உடனே கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். "சக்கரை போட்டுட்ட நைனா. மாத்திக் குடு." மாஸ்டர் மறந்துபோய் அரை ஸ்பூன் போட்டிருந்தார்.

நான் அந்தக் கிளாஸையே பார்த்தேன். தினம் ஜாடியில் கைவிடுகிறவன், தானாக வந்த அரை ஸ்பூனைத் திருப்பிக் கொடுக்கமாட்டான். இந்த ஊகத்துக்கு எந்த அட்டவணையும் வேண்டாம்.

"மாமா, நீங்க சாப்பிடல."

மாஸ்டர் நீட்டிய புது டீயை அவர் வாங்கிக்கொண்டார்.

"நான்தான் மாமா. தினம் மத்தியானம் ஒரு ஸ்பூன்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமலே சிரித்தார்.

"நீயா மச்சான்? அடப்பாவி. நான் உங்க அக்கான்னு இல்ல நெனச்சிகினு கீறேன்."

"அக்காவா?"

"உள்ள பூட்டு வாயத் தொடச்சிகினு வருவா. எத்தினியோ வருசமா. ஒடம்பு கொஞ்சம் அசந்தாப்ல இருக்கும்போது எடுத்துப்பா. டாக்டரு அவளுக்கும் வோணாம்னு சொல்லிகிறாரு. என்னியக் காவல் காக்கறவ, அவளே துன்றான்னு தெரிஞ்சா நாலு பேரு முன்னால அவ மொகத்த எங்க வெச்சுப்பா? அதான் நான்னு சொன்னேன்."

"அப்ப ரப்பர் பேண்ட் எதுக்குப் போட்டாங்க?"

"அவ எடுக்கறது எம்மாம்னு அவளுக்குத் தெரியும் இல்ல? அதுக்கு மேல எறங்குது. அதான் பயந்துட்டா. நான் துன்றேன்னு நெனச்சுட்டா."

எங்கள் அலுவலகத்தில் சொல்லித் தராத பாடம் இது. தணிக்கை செய்கிறவர்தான் தன் பங்கைச் சரியாக அறிந்தவர். மிச்சம்தான் அவருக்குத் திருட்டு.

"மாமா, கரண்டி போச்சே."

"போவட்டும்" என்றார். கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "அடுத்த வருசம் தருவானா தெர்ல. ஒரு வாட்டி கை மாறுனா திரும்பாது மச்சான்" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நான் செய்ததை மட்டும், நான் ஒருவனே செய்ததாகச் சொன்னேன். தோள் வில்லையைக் கழற்றியதிலிருந்து, ஜாடியை வயிற்றில் அணைத்தது வரை.

அக்கா ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ துன்னே?"

"தினம் ஒரு ஸ்பூன்."

அவள் உதடு முணுமுணுத்தது. ஏதோ கூட்டினாள், ஏதோ கழித்தாள். முகம் தெளிந்தது. "ஒரு ஸ்பூனா? அப்ப கணக்கு சரியாத்தான் கீது" என்றாள்.

சொன்ன வேகத்தில் நிறுத்திக்கொண்டாள். நாலு விரல் இறங்கிய சர்க்கரைக்கு ஒரு ஸ்பூன் கணக்கு எப்படிச் சரியாக வரும் என்று கேட்க வேண்டிய தொழில் என்னுடையது. மாமா என்னைப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

"எந்திரிடா" என்றாள் அக்கா. "ஏழுமலையாண்ட வா. எங்கிட்ட சொன்னதை அப்டியே அங்க சொல்லு."

8

தெருவில் எத்தனை பேர் நடுவில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் லாரி வருகிற நேரமாகப் பார்த்து அக்கா என்னையும் மாமாவையும் அழைத்துப் போனாள். குடங்களோடு வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரே தடவையில் விஷயம் போய்ச் சேர்ந்தது.

"கனடாலேந்து ஃபிளைட்டு புடிச்சி வந்து சக்கரை திருடிகிறான் எந் தம்பி. சும்மாங்காட்டியும் எம் புருசனச் சொல்லிட்டேன்" என்றாள். சொல்லும்போது மாமா பக்கம் திரும்பவில்லை.

"அங்க சக்கரை கெடைக்காதா சார்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"தாராளமாகக் கிடைக்கும்" என்றேன். "அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்."

ஏழுமலை தலையைச் சொறிந்தான். உள்ளே போய்க் கரண்டியைக் கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தான். "உன் கரண்டி அண்ணாத்தே. புடி. ஒனக்கு பதிலா வர்றேன்னவன் பாகுல பாதிய குடிச்சிருப்பான், அது வேற."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு தண்டனை கிடைத்தது. மண்டை வெல்லத்தை உடைத்துத் தூளாக்கும் வேலை. உடைக்கும்போது நாக்கு ஊறும் என்று சொல்லி அக்கா ஒரு துண்டை என் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டாள். அம்மனுக்கு வாய்கட்டிச் சமைப்பது வழக்கம்தான் என்றாலும், தெரு முழுக்கச் சிரித்தது. எதிர்வீட்டு அம்மா எடுத்த படம் யார் மூலமாகவோ கனடாவுக்குப் போய்விட்டது. வனிதா பதறிக்கொண்டு கூப்பிட்டாள்.

"அப்பா, எதுக்கு முகமூடி? அங்கே ஏதாவது காய்ச்சல் பரவுதா?"

"இல்லம்மா. முன்னெச்சரிக்கை."

மாமா அண்டாவின் அருகே நின்றார். புகை கண்ணில் பட்டும் விலகவில்லை. பாகு கரண்டியிலிருந்து நூல் போல இறங்குவதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஊத்து" என்றார். பிறகு, "போதும்" என்றார். அவ்வளவுதான் அவர் வேலை. படையல் முடிந்து எல்லோருக்கும் தொன்னையில் பொங்கல் வந்தது. மாமா தன் தொன்னையைக் கண்ணில் ஒற்றிப் பக்கத்திலிருந்த குழந்தைக்குக் கொடுத்தார். அக்காவும் ஒற்றிக்கொண்டாள். யாருக்குக் கொடுப்பது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு மாமா பக்கம் முதுகைத் திருப்பி நின்றாள். மாமா வானத்தைப் பார்த்தார்.

9

திரும்பி வரும்போது அக்கா ஒரு கிலோ வெல்லம் கட்டிக் கொடுத்தாள். விமான நிலையத்தில் அதிகாரி பையைத் திறந்து, இந்தப் பழுப்புக் கட்டி என்ன என்று கேட்டார். சர்க்கரையா என்றார். அந்தக் கேள்விக்கு என் அலுவலகமே பதில் சொல்லவில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவர் பையை மூடிக் கையால் போகச் சொல்லிவிட்டார். வீட்டில் வனிதா வெல்லத்தை எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள். புது வில்லை என் தோளுக்கு வந்தது.

போன வாரம் மாமா கூப்பிட்டார்.

"அக்கா எப்படி இருக்காங்க மாமா?"

"டாக்டராண்ட இட்டுகினு போயிருந்தேன். இனிப்பு துன்றியாம்மான்னு கேட்டாரு. எப்பவும் இல்லவே இல்லம்பா. இந்த வாட்டி ஒண்ணும் சொல்லாம கம்முனு இருந்தா. டாக்டரு ஏதோ எழுதிக் குடுத்துகிறாரு."

"ரப்பர் பேண்ட்?"

"கழட்டி கருவேப்பிலைக் கட்டுல போட்டுகிறா."

"ஜாடி இறங்குதா மாமா?"

"நான் பாக்கறதில்ல மச்சான்" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் மேப்பிள் பாட்டில் திறந்தே இருந்தது. நிலா பள்ளிக்கூடம் போய்விட்டாள். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சிறிது நேரத்தில் ஃபோன் வந்தது.

"அப்பா, கோடு ஏறுது. என்ன சாப்பிட்டீங்க?"

தமிழில் பல பதில்கள் தயாராக இருந்தன. "மேப்பிள் பாகு. ஒரு ஸ்பூன்" என்றேன்.

மறுமுனையில் ஒரு கதவு மூடும் சத்தம். வனிதா இதை எதிர்பார்க்கவில்லை. "சரி" என்றாள் கடைசியில். "சொன்னதுக்குத் தேங்க்ஸ்ப்பா." பெயருக்குக்கூடத் திட்டவில்லை. அதுதான் உறுத்தியது.

எழுந்து போய், மேசை இழுப்பறையில் தேடி, ஒரு ரப்பர் பேண்டை எடுத்தேன். பாட்டிலின் இடுப்பில் நானே போட்டேன். பாகு நிற்கும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே. எந்த நாட்டுக் கணக்கிலும் இழப்புக்கென்று கொஞ்சம் இடம் விடுவார்கள்.